வெளுக்க மறுத்தவர்

என் மாமியாரைத் தெருவில் எல்லோரும் ‘கஞ்சி’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். சின்ன வயதிலேயே சலவை நிலையத்தில் கஞ்சித் தொட்டிக்கு முன்னால் நிற்க ஆரம்பித்ததால் வந்த பெயர் என்று அவர் சொல்வார். கழுத்து வளையாததால் வந்த பெயர் என்று என் மாமனார் சொல்வார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா என்று எதுவும் கேட்கவில்லை.

“உன்னை யாராவது அதட்டினா என்ன பண்ணுவே?” என்றார்.

“யாரு அதட்டுறாங்கன்னு பாக்கணும் அத்தை.”

“நான் அதட்டினா?”

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“அப்பவும் திருப்பிக் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் திருப்பிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நடுவில் மாட்டிக்கொண்ட என் கணவர்தான் பாவம்.

மாமியாரின் கதையை நான் அவரிடமிருந்து முழுதாகக் கேட்டதில்லை. பாதியை அவர் சொன்னார், பாதியை மாமனார் சொன்னார், மீதியை அந்தச் சலவை நிலையத்தில் வேலை பார்த்த பெண்கள் சொன்னார்கள். அவர்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள். இயந்திரங்களுக்கு நடுவே வாழ்நாள் முழுதும் கத்திப் பேசிப் பழகியவர்கள். ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

மாமியாரின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தது அக்காதான். அப்பா முதுகு ஒடிந்து படுத்துவிட்டதும், குடும்பத்தைத் தூக்கி நிறுத்தச் சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அது ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பெரிய செங்கல் கட்டடம். உள்ளே போனால் முதலில் வெக்கை முகத்தில் அறையும், அடுத்து சலவைச் சோடா நெடி, அதற்கப்புறம்தான் மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். ஒரு பக்கம் கொதிக்கும் தொட்டிகள், நடுவில் ஈரம் பிழியும் உருளைகள், கடைசியில் ஜன்னலோரமாக இஸ்திரி மேசைகள். ஓட்டல் விரிப்புகள், மருத்துவமனைத் துணிகள், ரயில்காரர்களின் கோட்டுகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். வெளியே, தெருவை ஒட்டிக் கம்பிக் கொடிகள் கட்டிய முற்றம். துணி காய்வது அங்கேதான். இடுப்புயர வேலிக்கு அந்தப் பக்கம் டிராம் நிறுத்தம்.

ஒரு பெரிய போர் முடிந்து சில வருடம் ஆகியிருந்த சமயம் அது. போர்க்களத்திலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை இல்லை. வேலையில் இருந்தவர்கள் சங்கம் கட்டி, கூலி உயர்வு கேட்டு ஆலைகளை நிறுத்தினார்கள். இப்படியே விட்டால் ஆலை நமக்கு மிஞ்சாது என்று முதலாளிகளுக்குப் பயம். அந்த நேரம் பார்த்துத்தான் தலைவர் என்று ஒருவர் கிளம்பினார். நாட்டின் எல்லாக் கஷ்டத்துக்கும் யார் காரணம் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஒரு நாள் சங்கத்துக்காரர்கள் காரணம், இன்னொரு நாள் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் காரணம், மறுநாள் பத்திரிகைக்காரர்கள் காரணம். ஆள் மாறினாலும் குரல் மாறாது.

அவருக்கு ஒரு படை இருந்தது. ‘ஒழுங்குப் படை’ என்று பெயர். வெளிர் சாம்பல் நிறத்தில் சட்டை, இடுப்பில் தடி. முதலில் பார்த்தபோது ஊரே சிரித்தது. “ரெண்டு மாசம் ஆடிட்டு அடங்கிடுவாங்க” என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். படைக்காரர்கள் சங்க அலுவலகத்தைக் கொளுத்தியபோது காவலர்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆலைக்காரர்களின் வண்டிகள் அந்தப் படையை ஊர் ஊராக ஏற்றிச் சென்றன. சிரித்தவர்கள் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில், “என்ன இருந்தாலும் இப்போ டிராம் நேரத்துக்கு வருது” என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். டிராம் அதற்கு முன்பும் நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மாமியார் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது தம்பி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். உடம்பில் சாம்பல் சட்டை. அளவு பெரிது, தோள் தொங்கியது.

“எங்கடா கிடைச்சுது இது?”

“குடுத்தாங்க அக்கா. சட்டை, பூட்ஸ், மதியச் சாப்பாடு எல்லாம் குடுக்குறாங்க.”

“எதுக்குக் குடுக்குறாங்க?”

அவன் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினான். “இன்னிக்கு மார்க்கெட் வழியா வந்தோம். எல்லாரும் வழி விட்டாங்க அக்கா. எனக்கு. வேலை கேட்டுப் போனா நாயை விரட்டுற மாதிரி விரட்டுவானே, அந்த மரக்கடைக்காரன்கூட ஒதுங்கி நின்னான்.”

“வழி விட்டானா? பயந்து ஒதுங்கினானா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்லடா” என்றார் அக்கா. அந்தப் பையன் ஒரு வருடமாக வேலைக்கு அலைந்து, வீட்டுக்குள் தலைகுனிந்து நுழைந்துகொண்டிருந்தவன். அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்றான். அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது என்று மாமியார் சொல்வார். கொஞ்ச நாளில் அந்தச் சட்டை அக்குளில் கிழிந்து வந்தது. வீட்டில் சாம்பல் நூல் இல்லை. நீல நூலில் தைத்துக் கொடுத்தார்.

படைக்காரர்களின் சட்டைகள் வாரந்தோறும் அந்தச் சலவை நிலையத்துக்குத்தான் வரும். முதலாளி நல்ல மனிதர், கோபப்பட மாட்டார், நோய்நொடி என்றால் விசாரிப்பார். சட்டை மூட்டையைப் பார்த்துப் பெண்கள் முணுமுணுத்தபோது, “துணி துணிதான்மா. யாரோடதுன்னு பாத்துத் துவைக்க ஆரம்பிச்சா நாம கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்” என்றார். பெண்கள் துவைத்தார்கள், மாமியாரும் துவைத்தார். சேறு வந்தது, அச்சகத்தை உடைத்த வாரம் மை வந்தது. பிறகு ரத்தம் வர ஆரம்பித்தது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போட்டுத் தேய்த்து, கஞ்சியும் போட்டு அனுப்பினார்கள். யார் ரத்தம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

டிராம் சங்கத்தின் செயலாளர் ஒருவர் இருந்தார். டிராம் ஓட்டுநர். திருப்பத்தில் மணியைத் தாளம்போல அடிப்பார் என்பதால் ‘மணியண்ணன்’ என்று பெயர். அவருடைய மனைவி சலவை நிலையத்தில் இஸ்திரி மேசையில் வேலை பார்த்தார். அவரை எல்லோரும் ‘இஸ்திரியக்கா’ என்பார்கள். சங்கங்களைக் கலைக்கச் சொல்லித் தலைவர் மிரட்டியபோது மற்ற சங்கங்கள் கலைந்தன. மணியண்ணன் மட்டும், “உறுப்பினர்கள் கூடி முடிவெடுக்கட்டும், நான் யாரு கலைக்க?” என்று சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மாலை டிராம் பணிமனைக்குள் படைக்காரர்கள் புகுந்தார்கள். பிறகு மணியண்ணன் பணிமனைப் படிக்கட்டின் அடியில் கிடந்தார். படியிலிருந்து விழுந்தார் என்று காவல்துறை சொன்னது. விழுந்தார் என்று பத்திரிகை போட்டது. விழுந்தார் என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம். திங்கட்கிழமை காலையில் இஸ்திரியக்கா வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் இரண்டு குழந்தைகள், வேறு வழியில்லை. நேராகத் தன் மேசைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார்.

அதே காலையில்தான் சட்டை மூட்டை வந்தது. அந்த வாரம் ஏதோ அணிவகுப்பாம், சீக்கிரம் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். மூட்டையை அவிழ்த்தது என் மாமியார்.

சட்டைகளின் கைகள் முழங்கைவரை பழுப்பாகக் காய்ந்து விறைத்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஒரு சட்டையின் அக்குளில் நீலத் தையல்.

பெண்களுக்குத் தலைவியான மேஸ்திரியம்மா எட்டிப் பார்த்தார். நீலத் தையலை அவரும் பார்த்தார். அது யாருடைய கைவேலை என்று அவருக்குத் தெரியும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “சீக்கிரம் தண்ணியில போடு. அவ கண்ணுல பட்டுடப் போகுது” என்றார். பிறகு, “அந்த ஒண்ணை மட்டும் எங்கிட்டக் குடு. நானே அலசிடுறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். சின்னப் பையன்” என்றார்.

“வேண்டாம்” என்றார் மாமியார்.

“என்னடி பண்ணப் போறே?”

“காயப்போடப் போறேன்.”

“துவைக்காமயா?”

“துவைக்காமத்தான்.”

“உன் தம்பியோடதையுமா?”

“அதைத்தான் முதல்ல.”

ஆனால் நேராக முற்றத்துக்குப் போய்விடவில்லை. சட்டைகளைக் கையில் ஏந்திக்கொண்டு இஸ்திரியக்காவின் மேசைக்குப் போனார். “அக்கா, ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். நீங்க வேண்டாம்னு சொன்னா செய்யல” என்றார்.

இஸ்திரியக்கா சட்டைகளைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தார். ஒரு கையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த இடம் விரலில் சொரசொரத்தது.

“இது யாரோடது?” என்றார் நீலத் தையலைக் காட்டி.

“என் தம்பியோடது.”

இஸ்திரியக்கா நிமிர்ந்து மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையைத் தாங்கியதுதான் தன் வாழ்க்கையிலேயே பெரிய கஷ்டம், மற்றதெல்லாம் ஒன்றுமில்லை என்று மாமியார் சொல்லியிருக்கிறார்.

“கிளிப்பை எடு” என்றார் இஸ்திரியக்கா.

இரண்டு பேரும் முற்றத்துக்குப் போனார்கள். தெருவை ஒட்டிய கொடியில், கைகள் நன்றாகத் தெரியும்படி விரித்து மாட்ட ஆரம்பித்தார்கள். பின்னாலேயே வேறு சில பெண்களும் வந்து ஆளுக்கொரு சட்டையை வாங்கினார்கள். சிலர் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்கள். மேஸ்திரியம்மா வாசலில் நின்று, “எல்லாம் சேந்து என் உயிரை வாங்குங்க” என்று புலம்பினார். புலம்பிக்கொண்டே, கொடி தாழ்ந்த இடத்தில் முட்டுக்கொம்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

வேலைக்குப் போகிற நேரம். டிராம் நிறுத்தத்தில் கூட்டம். முதலில் ஒரு பெண் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தாள். பேச்சு நின்றது. சட்டைகள் மெல்லக் காற்றில் ஆடின. யாருக்கும் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு டிராம் வந்து நின்றது, கிளம்பவில்லை. ஓட்டுநர் இறங்கிவந்து தொப்பியைக் கழற்றி வேலியருகே நின்றார். பின்னால் வந்த டிராமும் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அன்று தெரு முழுக்க டிராம்கள் நின்றன.

அந்த டிராம்களில் ஒன்றில் என் மாமனார் கண்டக்டர். மாமியாரை அவர் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். “ஒரு பொண்ணு துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. பாத்ததும் பிடிச்சுப் போச்சு” என்று பிற்காலத்தில் கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்டவர்கள் ஏதோ சாதாரணக் காதல் கதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

கூட்டத்தில் ஒருவர் இஸ்திரியக்காவை அடையாளம் கண்டு, “என்னம்மா இது?” என்று கேட்டார். இஸ்திரியக்கா சட்டைகளைக் கையால் காட்டி, “விழுந்தாராம்” என்றார். அந்த ஒரு சொல் அன்று மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் போய்விட்டது.

முதலாளி ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. “இறக்குங்கம்மா, கும்பிடுறேன், இறக்குங்க.”

“துணி துணிதான்னு நீங்கதானே சொன்னீங்க? காயட்டும்” என்றார் மாமியார்.

பிறகு காவல் ஆய்வாளர் வந்தார். “யார் அனுமதி குடுத்தது?”

“காயப்போடுறதுக்கு அனுமதி வேணுமாங்க? இத்தனை வருஷமா யாரும் கேக்கலையே.”

ஆய்வாளர் சட்டைகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலிடத்துக்கு ஆள் அனுப்பினார். “அவர் மோசமான ஆளா இருந்தா அப்பவே இறக்கியிருப்பார். நல்ல ஆளா இருந்தா பின்னாடி வந்த லாரியை நிறுத்தியிருப்பார். ரெண்டும் இல்ல, ஓரமா நின்னார்” என்பார் மாமியார்.

லாரி மத்தியானம் வந்தது. படைக்காரர்கள் குதித்து வேலியைத் தாண்டினார்கள். சட்டைகளைப் பிடுங்கினார்கள், தடியால் விளாசினார்கள். கொடிக்கம்பங்கள் சாய்ந்தன. மாமியார் தம்பியின் சட்டைக்கு முன்னால் நகராமல் நின்றார். அவரை நோக்கி வந்தவர்களில் தம்பியும் இருந்தான். நீலத் தையலைப் பார்த்ததும் அவன் கால் நின்றுவிட்டது.

“இறக்கிக்கடா. உன்னோடதுதானே?” என்றார் அக்கா.

அவன் கையில் தடி இருந்தது. அவன் அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் அக்காவின் தோளில் அடித்தபோது தடுக்கவும் இல்லை. தோளெலும்பு முறிந்து அவர் கீழே விழுந்ததை நின்று பார்த்தான்.

வழக்கு நடந்தது. படையின் உடையை இழிவுபடுத்தினார் என்று குற்றச்சாட்டு. தோளில் கட்டோடு கூண்டில் நின்ற மாமியாரிடம் நீதிபதி, “அழுக்குத் துணியைத் துவைக்காமல் ஏன் தெருவில் மாட்டினாய்?” என்று கேட்டார்.

“துவைச்சிருந்தா யாருக்கும் புரிஞ்சிருக்காதுங்களே.”

நீதிமன்றத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் அவருக்குத் தண்டனை கிடைத்தது என்பது மாமனாரின் கட்சி. பல வருடம் சிறை. இஸ்திரியக்காவுக்குக் குறைவாகக் கிடைத்தது. குழந்தைகளை மேஸ்திரியம்மா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், புலம்பிக்கொண்டேதான்.

இவர்கள் செய்ததால் எதுவும் நின்றுவிடவில்லை. தலைவர் ஆட்சிக்கு வந்தார். தேர்தல் போயிற்று, பத்திரிகைகள் போயின, அண்டை நாட்டின்மேல் ஒரு போரும் வந்தது. இவர்கள் சட்டைகளை மாட்டிய அடுத்த மாதமே படைக்குக் கறுப்புச் சட்டை வந்திருந்தது. கறுப்பில் எதுவும் தெரியாது என்று எவனோ யோசித்திருக்கிறான். ஆனால் எங்கள் ஊரில் மணியண்ணன் படியிலிருந்து விழுந்தார் என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். சட்டைக்காரர்களே அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார்கள்.

சிறையில் துணி துவைக்கும் வேலையையே மாமியாருக்குக் கொடுத்தார்கள். கைதிகளின் துணியைத் துவைப்பேன், வார்டன்களின் சீருடையைத் தொட மாட்டேன் என்றார். தனியறையில் போட்டார்கள். வெளியே விட்டார்கள். மறுபடி அதையே சொன்னார். கடைசியில் வார்டன்கள் வீட்டில் துவைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் மாமியார் வாய்விட்டுச் சிரிப்பார். அவர் வெளியே வந்த அன்று சிறை வாசலில் ஒரு டிராம் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். முன்பின் பழக்கமில்லை. “நான் அன்னிக்கு வண்டியில இருந்தேன்” என்றாராம். அடுத்த வருடம் கல்யாணம்.

நெடுநாள் கழித்து ஆட்சி கவிழ்ந்தது. கவிழ்ந்த மறுநாள் ஊரில் ஒரு சட்டைக்காரன்கூட இல்லை. யாரைக் கேட்டாலும், “நானா? சும்மா பேருக்கு இருந்தேன்” என்றார்கள். மணியண்ணனைக் கொல்ல ஆளனுப்பிய படைத்தளபதி வேறொரு கட்சியில் சேர்ந்து நகரசபை உறுப்பினரானார். பழசைக் கிளற வேண்டாம், நாடு முன்னேற வேண்டும் என்று பேசினார்.

போரிலிருந்து ஒரு கால் விந்தலோடு திரும்பிய தம்பி ஒருநாள் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரச்சொல்லிச் சாப்பாடு போட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவன், “நான் அவரைத் தொடவே இல்ல அக்கா. பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்” என்றான்.

“இதை எங்கிட்ட ஏன்டா சொல்றே? அவங்க வீடு உனக்குத் தெரியும். அங்க போய்ச் சொல்லு. யார் அனுப்பினாங்கன்னும் சொல்லு.”

“சொன்னா என்னை உள்ள தள்ளுவாங்க.”

“நான் இருந்திருக்கேன். சாக மாட்டே.”

அவன் போகவில்லை. சாகும்வரை அவ்வப்போது வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். சாப்பாட்டை மாமியார் ஒருபோதும் மறுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தட்டை எடுக்கும்போது, “போனியா?” என்று கேட்பார். அவன் தலைகுனிந்துகொள்வான். கடைசிவரை அவன் போகவுமில்லை, அவர் கேட்பதை விடவுமில்லை. நான் மருமகளாக வந்த பிறகும் அந்தக் கேள்வி பல தடவை என் காதில் விழுந்திருக்கிறது. அந்த வீட்டில் அதைவிடக் கனமான வார்த்தை இல்லை.

என் மகன் பள்ளியில் படித்தபோது அவனுடைய சரித்திரப் புத்தகத்தில் ‘பாசிச ஆட்சி’ என்று ஒரு பாடம் வந்தது. அவன் சத்தம்போட்டுப் படித்ததை மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். “எங்களுக்கு அப்போ அந்தப் பேரெல்லாம் தெரியாது. முடிஞ்சப்புறம்தானே பேர் வைக்கிறாங்க” என்றார்.

இனி நான் சொல்லப்போவது போன வருடம் ஆரம்பித்த சமாச்சாரம். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்கள் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், முட்டி வலி, மற்றபடி அதே ஆள்தான். மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் குடிவந்தது. கணவர் ரொட்டிக் கடையில் ரொட்டி சுடுபவர். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். தங்களுக்குள் வேறு மொழி பேசுவார்கள். விடியும் முன்னே அவர் வேலைக்குப் போய்விடுவார். படியில் பார்த்தால் தலையசைப்பார்.

கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் யாரோ, “மூணாம் மாடிக்கு யார் யாரோ வர்றாங்க, கவனிச்சீங்களா?” என்று போட்டார்கள். மறுநாள் வேறொருவர், சைக்கிள் ஒன்று காணாமல்போன செய்தியைப் போட்டார். இரண்டு செய்திக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்க மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தச் சைக்கிள் பிறகு அதன் சொந்தக்காரரின் மைத்துனர் வீட்டில் கிடைத்தது. அந்தச் செய்தியை யாரும் குழுவில் போடவில்லை.

அந்த மாதக் குடியிருப்போர் கூட்டத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். புதிதாக வளர்ந்துகொண்டிருந்த கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர். மரியாதையான பேச்சு, நல்ல சிரிப்பு. ஒவ்வொரு கட்டடத்திலும் ‘பாதுகாப்புக் குழு’ அமைக்கிறோம், மாலை வேளைகளில் குழுவினர் வாசலில் நிற்பார்கள், சந்தேகப்படும்படி யாராவது வந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், அவ்வளவுதான் என்றார். குழுவில் சேர்பவர்கள் கையில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்தார். பலர் வாங்கிக்கொண்டார்கள். என் கணவரும் வாங்கிக்கொண்டார்.

மாமியார் எழுந்து நின்றார். “தம்பி, ஒரு சந்தேகம். சந்தேகப்படும்படின்னா எப்படி?”

“பாத்தாலே தெரியும் பாட்டி. நம்ம ஆள் யாரு, வெளி ஆள் யாருன்னு.”

“நீங்க இந்தக் கட்டடத்துல எத்தனாவது மாடி?”

“நான் இங்க இல்ல பாட்டி, அடுத்த தெரு.”

“அப்போ நீங்கதான் வெளி ஆள். மூணாம் மாடிக்காரர் இங்கதான் இருக்கார்.”

சிலர் சிரித்தார்கள். இளைஞரும் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. “சரி, அட்டை கேக்குறீங்க. அவர் காட்ட மாட்டேன்னு சொன்னா?”

“எடுத்துச் சொல்லுவோம்.”

“சொல்லியும் காட்டலைன்னா?”

“உள்ள விட மாட்டோம்.”

“தள்ளிக்கிட்டு வந்தா?”

இளைஞர் குடியிருப்போர் சங்கத் தலைவரைப் பார்த்தார். சங்கத் தலைவர், “சரி சரி, வயசானவங்க, உக்காருங்கம்மா” என்றார்.

“உக்காருறேன். அடுத்து என்ன நடக்கும்னு நான் பாத்திருக்கேன். நீங்க யாரும் பாக்கல. அதனாலதான் கேட்டேன்” என்று சொல்லி உட்கார்ந்தார்.

வீட்டில் என் கணவர் பொறுமையாக ஆரம்பித்தார். “அம்மா, அது வேற காலம். இவங்க யாரையும் அடிக்கல. தடி இல்ல, சட்டை இல்ல, ஒண்ணும் இல்ல.”

“எங்க காலத்துலயும் முதல் நாள் யாரையும் அடிக்கல. உன் மாமன் மார்க்கெட்டுல நடந்துதான் போனான்.”

“நான் உன் தம்பி இல்லம்மா.”

“அவன்கூட அப்படித்தான் நினைச்சான். மத்தவங்க மாதிரி தான் இல்லைன்னு.”

என் கணவர் எழுந்துபோய்விட்டார். மறுநாள் மாலை மாமியார் ஒரு நாற்காலியைக் கீழே கொண்டுபோகச் சொன்னார். எதற்கு என்று திருப்பிக் கேட்டேன். “காத்து வாங்க” என்றார். கட்டட வாசலில், கைப்பட்டைக்காரர்களுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். ரொட்டிக்காரர் மாவு படிந்த பூட்ஸோடு வந்தார். முதல் மாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அட்டை இருக்கா?” என்றார்.

“அவர் என்னைப் பாக்க வர்றார்” என்றார் மாமியார்.

“அவர் வீட்டுக்குத்தானே போறார்?”

“என்னைப் பாத்துட்டுப் போவார். வாங்க தம்பி.” ரொட்டிக்காரருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் நின்று மாமியாரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மேலே போனார்.

மறுநாளும் அப்படியே. பிறகு வந்தவர்கள் எல்லோருமே மாமியாரைப் பார்க்க வந்தவர்கள்தான். பால் போடுபவர், தபால்காரர், நான்காம் மாடி டீச்சரின் தோழி என்று யாரை நிறுத்தினாலும், “என்னைப் பாக்க வர்றாங்க.” சிலர் நிஜமாகவே நின்று பேச ஆரம்பித்தார்கள். டீச்சர் தன் நாற்காலியையும் கொண்டுவந்தார். ரொட்டிக்காரரின் மனைவி தேநீர் கொண்டுவந்தார். ஆட்கள் கூடக்கூடக் கைப்பட்டைக்காரர்களுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. ஒருநாள் அந்த இளைஞர் வந்து பார்த்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. “பாட்டி, உங்க வயசுக்கு மரியாதை குடுத்து சொல்றேன், இது நல்லதுக்கில்ல” என்றார்.

“மிரட்டுறதா இருந்தா சத்தமா மிரட்டுங்க தம்பி. எனக்குக் காது மந்தம்.”

அடுத்த கூட்டத்தில் குழுவைத் தொடர்வதா வேண்டாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்ற நாங்கள் கைகளைத் தூக்கினோம். எண்ணிக்கை இழுபறியாக இருந்தது. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கத் தலைவர், “வேற யாரும் இல்லையே?” என்று கேட்டபோது, நிமிராமலே கையைத் தூக்கினார். கொஞ்ச வித்தியாசத்தில் எங்கள் கட்டடத்தில் குழு கலைந்தது.

“கை தூக்க இவ்வளவு நேரமாடா?” என்றார் மாமியார் வீட்டுக்கு வந்ததும்.

“தூக்கினேன்லம்மா.”

“தூக்கினே. சாப்பிடு.”

இதைப் பெரிய வெற்றி என்று நான் சொல்ல வரவில்லை. நகரசபைத் தேர்தலில் அந்தக் கட்சிதான் ஜெயித்தது. ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போனது, பால்கனிகளில் நின்று நிறையப் பேர் கையசைத்தார்கள். எங்கள் வாசலில் மட்டும் யாரும் அட்டை கேட்பதில்லை. பக்கத்துக் கட்டடத்தில் கேட்கிறார்கள். போன வாரம் அங்கே குடியிருக்கும் ஒரு தையல்காரரை மழையில் வெளியே நிற்க வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

மாமியார் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, “அந்தக் கட்டடத்துக்கும் வாசல் இருக்குல்ல?” என்றார்.

“இருக்கு அத்தை. ஆனா நாம அங்க குடியிருக்கலையே. நீங்க யாருன்னு கேட்டா?”

“கேக்கட்டும்.”

திங்கட்கிழமையிலிருந்து சாயங்காலங்களில் அங்கேதான் உட்காருகிறோம். நாற்காலியை என் கணவர் தூக்கிவந்து வைக்கிறார். எங்களை என்ன செய்வதென்று அந்தக் குழு இன்னும் முடிவுக்கு வரவில்லை.